‘ஒண்ணு போட்டா முடிஞ்சுது’ என்ற அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

இல்லை, இன்னும் தணியவில்லை. ஒரு வருஷம் ஆகப்போகிறது. போனவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. நான் படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் முதல் நினைவு நாள். சுரங்கத்தில் உன்னோடு வெடிவைக்கும் வேலை பார்த்தவர்கள் நம் குடியிருப்பு பிளாக் மன்றத்தில் பட்டிமன்றம் வைக்கிறார்கள். ‘போரை முடிக்க அணுகுண்டு: சரியே, தவறே.’ மேடையில் உன் படம். படத்துக்குக் கீழே உன் வாக்கியம்: ‘ஒண்ணு போட்டா முடிஞ்சுது.’

இதைச் சொல்ல வீட்டுக்கு வந்தவர் சேகர் மாமா. நீ வெடி வெடிக்கும்போது சிவப்புக் கொடி பிடித்து நிற்பாரே, அவர்தான்.

“கேன்டீன்ல உங்கப்பா தெனம் இதையே சொல்லிக்கினு இருப்பாரு பாப்பா. எந்த ஊரு சண்டைன்னாலும் இதான். நீ சரின்ற அணில பேசிடு.”

“தவறுன்ற அணில பேசக் கூடாதா மாமா?”

“அப்பன் படத்துக்குக் கீழ நின்னுக்கினு அப்பனயே எதிர்ப்பியா? நல்லா இருக்கே!”

“அவளக் கேக்காதீங்கண்ணே,” அடுப்படியிலிருந்து அம்மா. “கொழம்புல உப்பு கம்மின்னாக்கூட நாலு பக்கத்துக்குப் பேசுவா.”

சிரித்தோம். பிறகு கேட்டேன். “குண்டு விழுந்த அந்த ரெண்டு ஊர்லயும் இருந்தவங்க சண்டையா போட்டாங்க மாமா? தண்ணி புடிச்சிட்டு இருந்தாங்க. புள்ளைக்குத் தல சீவி விட்டுட்டு இருந்தாங்க.”

“பெருசா யோசி பாப்பா. ஓவர்பர்டன் எடுக்காம கரி வருமா?”

அந்த வார்த்தை.

கரிக்கு மேலே கிடக்கும் எல்லாவற்றுக்கும் சுரங்கத்தில் அதுதான் பெயர். மண், பாறை, கிணறு, முந்திரித் தோப்பு. கம்மாபுரம் பக்கம் இருந்த நம் கொல்லை நிலமும் ஒருநாள் அந்தப் பெயருக்குள் போனது. பதிலுக்கு உனக்குக் கிடைத்த பர்மனென்ட் வேலையில்தான் நான் பல்கலைக்கழகம் வரை படித்தேன். அந்த வார்த்தையைச் சொல்ல மாமாவுக்கு நாக்கு கூசவில்லை. அதுவரை எனக்கும் கூசியதில்லை.

மண்ணை அள்ளி வேறு இடத்தில் கொட்டலாம். மனிதர்களை எங்கே கொட்டுவது?

நீ ஒருநாள் வெடியை நிறுத்தினாய். சைரன் ஊதியாகிவிட்டது. சுரங்க விளிம்பில் ஒரு பெண் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஷிப்ட் இன்சார்ஜ் வாக்கி-டாக்கியில் கத்திக்கொண்டிருந்தார். நீ நடந்து போய் அவளை வெளியே கூட்டிவந்தாய். மறுபடி முழு இடத்தையும் சுற்றிப் பார்த்தாய். அதன் பிறகுதான் வெடியை வெடித்தாய். வீட்டுக்கு வந்து சொன்னாய்: “கண்ணால பாக்காம கைய வைக்க மாட்டேன். ஆளு இருக்கற எடத்துல வெடிச்சா அது வேலை இல்ல, கொலை.”

அதே வாய். இன்னொரு நாள் டிவியில் ஏதோ ஒரு நகரம் புகைந்துகொண்டிருந்தது. “ஒண்ணு போட்டா முடிஞ்சுது” என்றாய். அடுத்து ரசம் கேட்டாய்.

ஒரு பெண்ணுக்காக நின்ற ஆள் ஒரு நகரத்துக்காக ஏன் நிற்கவில்லை? தூரமா? முகம் தெரியாததா? டிவி பார்க்கும்போது கையில் பொத்தான் இல்லை என்பதாலா?

நான் கேட்கவில்லை. மறுநாள் எனக்குப் பரீட்சை. அதற்குப் பிறகு உன் நெஞ்சுவலி. என் கோபத்தில் பாதி என்மேல்.

மாமாவின் கட்சியையும் படித்திருக்கிறேன். குண்டு விழாவிட்டால் போர் நீண்டிருக்கும், இன்னும் நிறையப் பேர் செத்திருப்பார்கள் என்கிறார்கள். இருக்கலாம். ஏற்கெனவே சரணடையும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்கிறார்கள் வேறு சிலர். அதுவும் இருக்கலாம். நடக்காததை யார் நிரூபிப்பது? நடக்குமா என்று தெரியாத சாவுகளைத் தடுக்க, தெரிந்தே சாவைக் கொடுத்தார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும். அதைத் தேவை என்று வேண்டுமானால் சொல்லட்டும். சரி என்று சொல்ல விடமாட்டேன்.

முடிந்தது என்றாயே. வருஷக்கணக்காகக் கதிர்வீச்சு நோயோடு கிடந்தவர்களுக்கு எப்போது முடிந்தது?

இங்கே இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? மறுபடியும் அதைச் சாதாரணமாகப் பேசுகிறார்கள். டிவியில் வரைபடம் வைத்து வட்டம் போடுகிறார்கள். இதுவரை எரியும், இதுவரை இடியும். நடுவில் சமையல் எண்ணெய் விளம்பரம். சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் காளான் மேகத்தின் படத்தைப் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். தங்கச்சியும்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நீயும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ அதைச் சொன்னதை எந்த மேடையிலும் மறைக்க மாட்டேன். உன் பெயரை வைத்து அதைச் சரியாக்கவும் யாரையும் விடமாட்டேன். இரண்டையும் செய்வேன்.

உன்னோடு இன்னும் பேசி முடிக்காத,
உன் மூத்த மகள்.

இதை எழுதிவிட்டு மன்றத்துக்குப் போனேன். பேச்சாளர் பட்டியல் சேகர் மாமாவிடம் இருந்தது. ‘சரியே’ அணியில் அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த என் பெயரை அடித்தேன். ‘தவறே’ அணியில் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தேன்.