கஞ்சி போட்ட உள்பாவாடை

மே 10, ஞாயிறு

காலையிலேயே அனல். மாடித் தொட்டித் தண்ணீர் ஏழு மணிக்கே சுடுகிறது. முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து வைத்தால்தான் குளிக்க முடியும்.

செய்ய வேண்டியவை: மாவு. கூலர் தட்டியில் புல் மாற்ற ஆள். டெய்லரிடம் தாவணி பிளவுஸ். அக்கா வீட்டுக்கு அட்டைப்பெட்டி.

தமிழ் மன்ற ஆண்டு விழா 24ஆம் தேதி. மகளிர் அணி சார்பில் கோலாட்டம். பொறுப்பு சுந்தரி மேடம். ரிட்டயர்ட் டீச்சர், கழுத்தில் இன்னும் விசில். எட்டுப் பேர், நாலு ஜோடி, எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள் அல்லது எடுக்கப் போகிறவர்கள். உடை பாவாடை தாவணி. டெல்லியில், மே மாதத்தில். சொல்லிப் பார்த்தேன். "சுடிதார்ல ஆடினா குஜராத்தி கர்பா டான்ஸ்னு நெனச்சுப்பாங்க, செல்வி" என்று முடித்துவிட்டார்.

ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அக்காவும் நானும் ஜோடி. 29ஆம் தேதி அக்காவும் அத்தானும் மயூர் விஹார் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறார்கள். ஒரேயடியாக. நான் பிறந்ததிலிருந்து அக்கா இல்லாத ஊரில் இருந்ததில்லை. கல்யாணம் ஆன பிறகும் இரண்டு தெரு தள்ளித்தான். அவள் போவதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை. எந்த ரயில், எத்தனை பெட்டி, கேஸ் கனெக்ஷன் என்ன ஆச்சு, இதெல்லாம் பேசுகிறோம்.

மே 12, செவ்வாய்

ஆபீஸ் விட்டு வந்ததும் உள்பாவாடைக்குக் கஞ்சி. அம்மா இருந்தவரை போட்ட மாதிரியே. சோறு வடித்த கஞ்சி, துளி நீலம். முழுக்க முக்கிப் பிழிந்து மொட்டை மாடியில். கீழே வந்து டீ குடித்துவிட்டுப் போனால் அப்பளமாகக் காய்ந்திருக்கிறது. சுவரில் சாய்த்தால் தானே நிற்கிறது.

மது பார்த்துவிட்டு, "அம்மா, யே க்யா ஹை? லேம்ப் ஷேடா?" என்றாள். என் மகள். குர்காவ்னில் வேலை. தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். அதனால் இந்த நோட்டை டைனிங் டேபிளிலேயே போட்டு வைக்க முடிகிறது.

மே 13, புதன்

ஒத்திகை. ஆறு மணிக்கும் பார்க்கில் லூ என்கிற அனல் காற்று. குனிந்து, நிமிர்ந்து, சுற்றி, உட்கார்ந்து, எழுந்து. ஆரம்பத்தில் பதினாறு வயசு. கொஞ்ச நேரத்தில் தொடை.

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் என் நோட்டுதானே. இரண்டு தொடையும் உள்பக்கம் உரசித் தோல் சிவந்து, அதில் வியர்வை பட்டுத் தீயாக எரிகிறது. சல்வாரிலேயே காலத்தை ஓட்டிவிட்டதால் இப்படி ஒரு எரிச்சல் உண்டென்பதே மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து குளித்து, வேர்க்குருப் பவுடரை அள்ளி அப்பினேன். அவ்வளவுதான். மிளகாய் அரைத்த கையை வைத்த மாதிரி. கூலர் முன்னால் நின்று குதித்தேன், கோலாட்டத்தைவிட நன்றாகவே.

அக்கா என்னைவிட மூத்தவள், முகமே சுளிக்காமல் ஆடினாள். போகும்போது கேட்டாள். "கஞ்சி போட்டியாட்டி? நானும் போட்டேன். நல்லா விரியுதுல்லா?"

"ஆமாக்கா. சூப்பர்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் "நீ ஆட வேண்டாம், பேசாம இரு" என்பாள். அப்புறம் எப்போது ஆட?

மே 15, வெள்ளி

43 டிகிரி என்கிறார்கள். மெட்ரோவில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். ஒரு பெண் "ஆன்ட்டி, பைட்டியே" என்று எழுந்துவேறு கொடுத்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதை அவளிடம் எப்படி விளக்க.

ஐ.என்.ஏ. ஸ்டேஷன் வந்தது. தினமும்தான் வருகிறது. தலைக்கு மேலே கிட்வாய் நகர், நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸ். இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். சுரங்கத்துக்குள் ரயில் போவதால் எதையும் பார்க்க வேண்டாம். அது ஒரு வசதி. ஆனால் இன்று தொடை எரிந்த எரிச்சலில் எல்லாம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடப் பாவாடை. நீல டெரிகாட், முழங்கால் வரை, மடிப்பு மடிப்பாக. மத்தியானம் பள்ளி விட்டு நடந்து வருவோம். ரோட்டோரம் நாவல் மரம், கீழே எல்லாம் ஊதாக் கறை. எங்கள் இருவருக்கும் அம்மாவின் தொடை. பாதி வழியிலேயே எரிய ஆரம்பிக்கும். பயில்வான்கள் மாதிரி அகட்டி அகட்டி வருவோம். வீட்டில் இரண்டே அறை. அப்பா, அண்ணன்கள், திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி வந்து தங்கியிருக்கும் யாராவது ஒரு மாமா. இதை எங்கே போய்ச் சொல்வது. அக்காதான் ஒரு வார்த்தை கண்டுபிடித்தாள். "அம்மா, தேங்கா துருவியாச்சு." அம்மா ஒன்றும் கேட்காமல் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் குளியலறையில் வைத்துவிடுவாள். ஒரு தடவை மாமா, "அப்ப இன்னைக்குத் துவையலா?" என்று ஆசையாகக் கேட்டார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள்.

பிறகு அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து முட்டி வரைக்கும் டிராயர் தைத்தாள், நாடா வைத்து. கிளாஸில் யாராவது பார்த்துவிட்டால் என்று நான் போட மாட்டேன் என அழுதேன். அக்கா தன்னுடையதைப் போட்டுக்கொண்டு கட்டில்மேல் ஏறித் தொடையைத் தட்டிக் காட்டினாள். அப்புறம்தான் போட்டேன். உரசல் நின்றது.

எவ்வளவு நல்ல நாட்கள். எரிந்த நாட்கள்தான், ஆனாலும்.

ஐ.என்.ஏ.யில் ரயில் மாறி மத்திய செயலகத்தில் இறங்க வேண்டியவள், யோசனையில் மாறாமலே தாண்டிப் போய்விட்டேன். ஆபீசுக்கு லேட்.

மே 17, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகை. அதே கஞ்சிப் பாவாடை. புண் ஆறாமலே போனேன், புத்தி கெட்டவள். சுந்தரி மேடம் விசில் ஊதி நிறுத்திவிட்டார்.

"செல்வி, உங்க இடது கால் லேட்டா வருது. என்ன ஆச்சு?"

"சுளுக்கு மேடம்."

"முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. பி பிளாக்ல புதுசா வந்திருக்கிற பொண்ணு ஸ்டாண்ட்பைக்கு ரெடி. வருத்தப்பட ஒண்ணும் இல்ல."

வருத்தப்பட இருக்கிறது. அந்தப் பெண் என் அக்காவோடு ஆடுவாளாம்.

அக்கா என் காலைப் பார்த்தாள். பிறகு வேறு எங்கோ பார்த்தாள். முன்பெல்லாம் இப்படியா. "என்னட்டி இப்படி அகட்டி நடக்க?" என்று பார்க் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டிருப்பாள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் கொஞ்சம் முன்னாலேயே போக ஆரம்பித்துவிடுகிறார்கள் போல. வீட்டுக்கு வந்து அழுதேன். வெங்காயம் என்று இவரிடம் சொன்னேன். சமையல் ஆகி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

மே 18, திங்கள்

மது கண்டுபிடித்துவிட்டாள். "ஏன் பெங்குவின் மாதிரி நடக்கறீங்க?" அரை மணி நேரம் மழுப்பிவிட்டுச் சொன்னேன்.

"சேஃபிங், தொடை உரசல். அவ்ளோதானா? எனக்கு டெய்லி."

தூக்கிவாரிப் போட்டது. ஸ்கர்ட் போட்டுக்கொண்டு இந்த வெயிலில் மெட்ரோவில் போகிறாளே, எப்படி என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அலமாரியைத் திறந்து கடை விரித்தாள். ஸ்கர்ட்டுக்கு உள்ளே போட ஒட்டினாற்போல் கறுப்பு ஷார்ட்ஸ், முட்டிக்குச் சற்று மேலே வரை. சோப்புக் குச்சி மாதிரி ஒரு ஸ்டிக், கிளம்பும் முன் உரசும் இடத்தில் தடவ. கைப்பையில் ஒரு சின்ன டவல், வியர்த்தால் துடைக்க.

அம்மணியின் உத்தரவுகள்: புண் ஆறும் வரை ஸ்டிக் கூடாது, வாசலின் மட்டும். பவுடர் கூடவே கூடாது, வியர்வையில் மாவாகி இன்னும் உரசும். வீட்டில் தளர்ந்த பைஜாமா. ஈரத்தோடு எதையும் மாட்டக் கூடாது. "அப்புறம் இந்தக் கார்ட்போர்டைத் தூக்கிப் போடுங்க, ப்ளீஸ்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேடி?"

"நீங்க கேக்கவே இல்லையே."

ஆமாம், கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு ரகசிய வார்த்தை வேண்டியிருந்தது. இவள் டைனிங் டேபிளில் அப்பா முன்னாலேயே சொல்கிறாள். பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும்.

அம்மாவின் தொடை இவளுக்கும் வந்திருக்கிறது. அதற்குப் பதில் மூக்கு வந்திருக்கலாம். அழகான மூக்கு அம்மாவுக்கு.

மே 21, வியாழன்

மாலையில் ஆந்தி, புழுதிப் புயல். வானமெல்லாம் மஞ்சள், ஜன்னலெல்லாம் மண். ஒத்திகை ரத்து, பிழைத்தேன். எரிச்சல் குறைந்துவிட்டது, தோல் மட்டும் கறுத்திருக்கிறது. உள்பாவாடையை அலசி அலசிக் கஞ்சி முழுக்க எடுத்தேன். இப்போது சாதுவாகத் தொங்குகிறது.

கூலர் புல்காரன் இன்றும் வரவில்லை. "கல் பக்கா, ஆன்ட்டிஜி." நாளைக்கு நிச்சயமாம்.

மே 23, சனி

அக்கா வீடு. சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரம். அத்தான் ஹாலில் புத்தகங்களுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே. கதவு சாத்தியிருந்தது.

"உள்ள வராத, துணி மாத்துதேன்."

என்னிடம் அக்கா கதவைச் சாத்துவதா? தள்ளிக்கொண்டு போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாவாடையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தொடையில் பூசிக்கொண்டிருந்தாள். என்னுடையதைவிட மோசம்.

"எப்பலேருந்து?"

"மொத நாளே."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ ஆட வேண்டாம்ப. அந்த விசிலு ஒடனே ஸ்டாண்ட்பைய நிப்பாட்டிருவா. போறதுக்கு முன்னால ஒன்கூட ஒரு தடவ ஆடிரணும்னு இருந்தேன்." என் காலைக் காட்டினாள். "நீ ஏன் சொல்லல? எனக்குத் தெரியாதாக்கும் ஒன் சுளுக்கு."

"எனக்கும் அதேதான்."

சிரிப்பு. வயிறு வலிக்க. அத்தான் வெளியிலிருந்து, "அங்க என்ன சத்தம்?" என்றார். "தேங்கா துருவுதோம்" என்றாள் அக்கா. "பொட்டி கட்டுற நேரத்துலயா?" என்றார். மறுபடியும் சிரிப்பு.

பிறகு அக்கா ஒரு கேள்வி கேட்டாள். தாவணி போட்ட காலத்திலும் கஞ்சி போட்ட உள்பாவாடைதானே கட்டினோம். அது உரசவில்லையே, ஏன்?

எனக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்தது. இடது கையில் பாவாடையின் மேல்பாதியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வாளியில் கீழ்ப்பாதியை மட்டும் முக்குவாள். ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அந்தக் கை ஞாபகமே இல்லை. ஆனால் அம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. "முட்டிக்கு மேல கஞ்சி ஏறப்படாது, தொடைய அறுத்துரும்."

ஒருத்தி பார்த்ததை வைத்திருந்தாள், ஒருத்தி கேட்டதை. நாங்கள் இருவரும் தனித்தனியாக முழுப் பாவாடையையும் முக்கிவிட்டுத் தொடையைக் கிழித்துக்கொண்டோம். இனி இப்படி எத்தனை விஷயம் பாதியாகக் கிடக்குமோ. போனில் கேட்கலாம்தான். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்க முடியும். பயமாக இருக்கிறது.

மதுவின் இன்னொரு ஷார்ட்ஸையும் ஸ்டிக்கையும் அக்காவுக்குக் கொடுத்தேன். ஷார்ட்ஸை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "இதுக்குள்ள நான் போவனா, இல்ல இது எனக்குள்ள போவுமா?"

மே 24, ஞாயிறு

விழா. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். ஷாமியானாப் பந்தலுக்குள் இட்லிக் கொப்பரைதான். மேடைக் கூலர் எங்களை விட்டுவிட்டு மைக்குக்குக் காற்று அடித்தது.

ஆடினோம். உள்ளே மதுவின் ஷார்ட்ஸ், அதற்கு மேல் கஞ்சியில்லாத பாவாடை. உரசல் இல்லை. அக்காவும் சமாளித்துவிட்டாள். யாரோ ஒருத்தி என் விரல் மூட்டில் கோலால் ஒரு போடு போட்டாள், வீங்கியிருக்கிறது. சுற்றில் அக்கா எதிரே வரும்போதெல்லாம் புருவத்தைத் தூக்கிக் காட்டினாள், பள்ளிக்கூட அசெம்பிளியில் செய்வாளே அப்படி. கடைசிச் சுற்றில் கண்ணீர் மறைத்து நான் ஒரு அடி தப்பவிட்டேன். அக்கா கோலை நீட்டி என் கோலைத் தேடி வந்து தட்டினாள். மது வாயில் விரலை வைத்து விசில் அடித்தாள். சுந்தரி மேடம் திரும்பி முறைத்தார்.

மே 25, திங்கள்

லீவு. அக்கா வீட்டில் பாத்திரம் கட்டினோம். அத்தான் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். மின்விசிறி மட்டும் பாக்கி, மற்றதெல்லாம் பெட்டிக்குள். இட்லித் தட்டைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது.

"போகாதக்கா."

அக்கா கயிற்றைக் கீழே வைத்தாள்.

"வீடு கைமாறியாச்சு. அத்தானுக்கு நெஞ்சு வலி வந்ததுலேருந்து மகன் ஒத்தக் கால்ல நிக்கான். போவாம முடியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா சொல்லுத?"

"ஆமா."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பொங்கல்லேருந்து பாக்கேன். சால்வ போடுதாங்க, சுவீட்டு கொண்டாராங்க, எல்லாரும் நல்ல முடிவும்மா, நல்ல முடிவும்மாங்காங்க. போவாதன்னு ஒரு ஆளு சொல்லல. நீகூடச் சொல்லலியேட்டி. எத்தன பெட்டின்னுல்லா கேட்ட."

அக்கா என் கையிலிருந்த இட்லித் தட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.