ஒன்பதாவது பாட்டில் செத்துப்போன அப்பா

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், நானும் நலம். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிடுவேன், இந்தத் தடவை இரண்டாவது பாதியைக் கொஞ்சம் அழுத்தியே எழுதியிருக்கிறேன், காரணம் உனக்கே தெரியும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிரில் கழுத்தை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பாடுகிற தொண்டை, பார்த்துக்கொள்.

நீ அனுப்பிய நாட்டுப்பாட்டு ஆல்பம் வந்து சேர்ந்தது. வீட்டை விட்டுப் போவதும் திரும்பி வருவதுமாகப் பன்னிரண்டு பாட்டு. 'போயிட்டு வரேன்' என்று பேர் வைத்திருக்கிறாய், நல்ல பேர். அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை, அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடைகூட அவளுக்குத் தெரியவில்லை. நானும் ரசித்துத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன், ஒன்பதாவது பாட்டு வரைக்கும். அதில் என்னைச் சாகடித்துவிட்டாய். பஸ் ஓட்டுகிற அப்பா, மகள் இன்று வருவாள் நாளை வருவாள் என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் கண்ணை மூடிவிடுகிறார். பன்னிரண்டாவது பாட்டில் நீ வந்து பார்த்தால் அவர் நாற்காலி காலி. போனில் கேட்டதற்கு, "பாட்டுக்குத் தேவைப்பட்டுச்சுப்பா" என்றாய். சரி, பெற்ற பெண் ஆசைப்பட்டதற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று நானும் விட்டுவிட்டேன்.

என் கண்டக்டர் விடவில்லை. அந்த வாயாடியைத்தான் உனக்குத் தெரியுமே, அவன் கையில் ஆல்பம் கிடைத்த நாளிலிருந்து பஸ்ஸில் வேறு பாட்டே கிடையாது. பாலத்தில் ஏறும்போது நான் படுக்கையில் விழுகிறேன், இறங்கும்போது செத்துவிடுகிறேன். பஸ் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அழுதுகொண்டே அடுத்த ஸ்டாப்புக்கு வந்து, ஏன் நிறுத்தவில்லை என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் பாட்டை நிறுத்தினேன். பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "செத்த மனுஷனுக்கு ஒரு மரியாதை வேணாமாப்பா? நீயும் ஒரு டிரைவர்தானே" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். மறுபடி போட்டேன். வேறென்ன செய்ய?

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நம் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அவன், "பாட்டு வீடு இறங்கு" என்று விசில் ஊத ஆரம்பித்துவிட்டான். ஜனங்கள் இறங்கி வீட்டைப் பார்க்க வந்துவிட்டார்கள். பாட்டில் நீலக் கதவு, நம் கதவோ சாம்பல் கலர். பாட்டில் மூன்று படி, நடுப்படி ஆடும். நம் வீட்டுக்குப் படியே இல்லை, ரோட்டை விட வாசல் தாழ்வு, மழை பெய்தால் தண்ணீர்தான் முதலில் உள்ளே வரும். பாட்டில் அம்மா நாள் முழுக்க ஜன்னலில் நிற்கிறாள், நம் ஜன்னலை உன் பழைய துணி அலமாரி மறைத்துக்கொண்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வந்தவர்களில் ஒருத்தி, "எல்லாம் சும்மா எழுதினதுதான் போல" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், உன் அம்மாவுக்கு வந்ததே கோபம். "என் பொண்ணு பொய் சொல்லுவாளா? எவ வாயிலயும் அவ விழக்கூடாது" என்று புடவையை இழுத்துச் செருகினாள்.

கதவு நீலமானது. அலமாரி நகர்ந்தது, அம்மா ஜன்னலில் நின்றபடியே வெங்காயம் உரிக்கப் பழகினாள், பார்க்கிறவர்களுக்குக் கண்ணீரும் தெரிந்தது. பக்கத்து வீட்டு வெல்டரைக் கூப்பிட்டு வாசலுக்கு முன்னால் இரும்பில் மூன்று படி செய்யச் சொன்னாள். படி எங்கே போய் முடிகிறது என்று அவர் கேட்டார். எங்கேயும் இல்லை, மூன்று படி ஏறி அந்தப் பக்கம் தொப்பென்று குதித்தால் வாசல். அதற்குக்கூட மனுஷன் ஒத்துக்கொண்டார், நடுப்படி ஆட வேண்டும் என்றதும்தான் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆடற படிய என் கையால பண்ண மாட்டேங்க, தொழில்ல எனக்கு ஒரு பேர் இருக்கு" என்றார். ஆடாத மூன்று படியை போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்துவிட்டு அவர் போனதும் அம்மாவே ஸ்பேனரை எடுத்து நடுப்படியின் போல்ட்டைத் தளர்த்திவிட்டாள். அன்றிலிருந்து பால்காரர், கேஸ்காரர், எல்லோரும் ஏறிக் குதித்துத்தான் வருகிறார்கள். பக்கவாட்டில் சும்மா நடந்து வரலாம், ஒருத்தரும் வருவதில்லை.

கடைசியாக என்னிடம் வந்தாள். என் நாற்காலி காலியாக இருக்க வேண்டுமாம். லீவு நாளில் யாராவது வந்தால் நான் சமையலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார வேண்டும், மூச்சு விடக்கூடாது. ஒருநாள் மிளகாய் நெடியில் தும்மிவிட்டேன். வந்திருந்த அம்மாள், "உள்ள யாருங்க?" என்று கேட்க, உன் அம்மா கொஞ்சமும் தயங்காமல், "அவரோட தம்பி" என்றாள். வெளியே வரச் சொன்னார்கள், வந்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் மகளைப் பார்க்காமலே போயிட்டாரே உங்க அண்ணன்" என்றாள். வாலு, சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்பை அடக்கத்தான் தலையைக் குனிந்தேன். ஆனால் அழுகை வந்துவிட்டது. அவருக்காகத்தான் அழுதேன், எனக்கு இல்லாத அந்த அண்ணனுக்காக. பாவம், அவர் யாருக்கு என்ன கெடுதல் செய்தார்? அம்மாகூட, தம்பி நன்றாக நடிக்கிறார் என்று அன்றைக்கு எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்தாள்.

இதைப் படித்துப் பதறாதே, எல்லாம் சரியாகிவிட்டது. போன வாரம் டியூட்டி முடிந்து வந்தவன், பழக்கத்தில் நானும் படியேறினேன். நடுப்படி ஆடியது. அந்தப் பக்கம் குதிக்கவில்லை, விழுந்தேன். கணுக்கால் சுளுக்குதான், எலும்புக்கு ஒன்றும் இல்லை, டாக்டர் பார்த்துவிட்டார். ஆனால் விழுந்த அதிர்ச்சியில் ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். ஓடி வந்து என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருக்கிறது என்று தெரிந்ததும் என் மார்பில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு ஸ்பேனரை எடுத்து வந்து, அழுதுகொண்டே அந்த போல்ட்டை இறுக்கினாள், இனி யானை ஏறினாலும் ஆடாது. அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தது. என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் என் நாற்காலியிலேயே உட்காரவைத்து, "இவர்தான் அவர். சாகல. பாட்டு கெடக்குது" என்று அவர்களிடம் சொல்லிவிட்டாள். அவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. கூட வந்த பெரியவர் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ இனிமேதானா?" என்று மெதுவாகக் கேட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் நான்கு நாளாகக் காலை நீட்டிப்போட்டுக்கொண்டு யோசிக்கிறேன். வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றிப் பாட ஊர் ஊராகப் போகிறாய், அதனால் வீட்டுக்கு வர நேரமில்லை என்கிறாய். இதைக் கேட்டு நானும் ஒவ்வொரு தடவையும் "சரிம்மா, வேலையைப் பாரு" என்று போனை வைக்கிறேன். வைத்த பிறகு எனக்கு அந்தச் சாயந்திரம் சாப்பாடு இறங்குவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உன்மேல் வருத்தம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. வருத்தம் இருக்கிறது.

பாட்டை மாற்றாதே, அதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே. நன்றாக இருக்கிறது, பாலத்தில் ஏறும்போது நானே கூடச் சேர்ந்து முணுமுணுக்கிறேன். நேரில் மட்டும் வரிசையை மாற்றிக்கொள். பன்னிரண்டாவதை ஒன்பதாவதுக்கு முன்னால் போட்டுவிடு.

எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, நீ பாடுகிற இடமெல்லாம் நல்லது நடக்கட்டும். வரும்போது பஸ்ஸிலேயே வா, கண்டக்டர் விசில் ஊதுவான், இறங்கு. படி ஏற வேண்டாம், பக்கவாட்டில் நடந்து வா. நாற்காலியில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(வெளியார் கேட்டால் சித்தப்பா)