அடித்துவிட்டு வந்த கணக்கு

பிப்ரவரி 6
விசையியல் தாளில் மறுபடியும் தோல்வி. இன்னும் ஒரு முறைதான் எழுத விடுவார்கள். அதிலும் போனால் பட்டம் கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான். அண்ணன் மூளை எனக்கு வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பிப்ரவரி 9
விடைத்தாளைப் பார்க்கக் குருவி இழுத்துப் போனாள். அறைத்தோழி, வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். இதே தாளில் அவளும் கவிழ்ந்திருக்கிறாள், முதல் தடவை. நான் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்த பக்கத்தை விரிவுரையாளர் காட்டினார்.

"சரியாத்தானே போயிட்டிருக்கு. ஏம்மா அடிச்சே?"

நான் போட்டால் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்து அடித்தேன். இதை எப்படிச் சொல்வது? அடித்ததற்கு மதிப்பெண் கிடையாதாம்.

பிப்ரவரி 10
சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 17
குருவியின் புது ஏற்பாடு: ஒருத்தி போட்ட கணக்கை மற்றவள் பார்த்து, எந்த வரியில் வழுக்கியது என்று மட்டும் காட்ட வேண்டும். அடிக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. என் ரப்பரை ஜன்னல் வழியாக வீசிவிட்டாள், ராட்சசி. இன்று நான் வழுக்கியது ஒரே வரியில்: விசையின் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். மூளையே இல்லை என்று நினைத்தவளுக்கு ஓர் அம்புக்குறிதான் குறை என்றால் — நம்பலாமா?

மார்ச் 12
அதே அம்புக்குறி. அதே இடம். நோட்டைத் தூக்கி எறிந்தேன். "எனக்கு வராதுடி, விட்டுத்தொலை." போன வாரம் எல்லாக் கணக்கிலும் இதில் வழுக்கினாய், இன்று ஒன்றில்தான் என்று சொல்லி, குருவி நோட்டைப் பொறுக்கிக் கொடுத்தாள். மறுபடி உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 4
பரீட்சை முடிந்தது. நடுவில் ஒரு விடை தாறுமாறாக வந்தது. அடித்துக் கோடு போடப் பேனா தாளருகே போய்விட்டது. போடலை. கீழிருந்து வரி வரியாக மேலே போய்ப் பார்த்தேன். தப்பு அகப்பட்டது. பக்கத்திலேயே திருத்தி எழுதினேன்.

மே 20
அறிவிப்புப் பலகையில் என் எண் இருக்கிறது. குருவியின் எண் இல்லை.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இன்னொரு வாய்ப்பு இருக்கிறதே என்றேன். "என் மண்டை அவ்வளவுதான். நீ ஊருக்குக் கிளம்பு" என்றாள். எனக்கு வந்த கோபம்! அம்மாவுக்குப் போன் பண்ணி, பாஸாகிவிட்டேன், ஆனால் இந்த விடுமுறைக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். மேசைக்கு இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"எந்திரிடி. சாப்பிட்டுட்டு உக்காரலாம்."