ஹரிபாத பாபுவின் முகம்

லேக் கார்டன்ஸ்,
கல்கத்தா 45.
10-8-1979

என் கண்ணான விஜயாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பகவான் புண்ணியத்தில் சௌக்கியம், பம்பாய் மழையில் நனையாமல் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு கட்டுப்பாட்டில் இருக்கிறது, வாய்தான் கட்டுப்பாட்டில் இல்லை, ஊறுகாய் ஜாடியை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார். டாலிகஞ்ச் பக்கம் பாதாள ரயிலுக்குத் தோண்டிப் போட்டதில் தண்ணீர் நின்று, ஆபீஸ் போய் வருவதற்குள் புடவைக் கரையெல்லாம் சேறு. கரண்ட் போவதைப் பற்றி எழுதவே வேண்டாம்.

உன் கடிதம் வந்தது. டைப்பிங் செக்‌ஷனுக்கு நீ சூப்பர்வைசர் ஆனதில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உன் கீழே வேலை பார்க்கிற சுந்தரி எல்லார் எதிரிலும் உன்னை எடுத்தெறிந்து பேசினாள், மேனேஜர் டூரிலிருந்து திரும்பியதும் புகார் கொடுக்கப் போகிறேன், அவள் வேலை போனாலும் போகட்டும் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போன வாரம் எங்கள் ஆபீஸில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும், எனக்கே இன்னும் அந்த ஆச்சரியம் அடங்கவில்லை.

எங்களுக்குப் புது மேனேஜராக சௌந்தரராஜன் என்று ஒரு திருச்சிக்காரர் வந்திருக்கிறார், உன்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மா தன் குழந்தைகளிடம் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பெங்காலி பழகியிருக்கிறார், வந்தது வினை. அன்றைக்கு அவர் அறையில் நான் டிக்டேஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். பாக்கிங் செக்‌ஷன் ஹரிபாத பாபு, தலை நரைத்த மனிதர், லீவு கேட்டு வந்தார். இவர் பிரியமாகச் சிரித்துக்கொண்டே 'துய் ஜா' என்றார். தாராளமாகப் போய் வாருங்கள் என்று சொன்னதாக அவர் நினைப்பு. நம் பாஷையில் அது 'போடா' என்கிற மாதிரி. ஹரிபாத பாபு வெளியே போனார், கொஞ்ச நேரத்தில் செக்‌ஷன் முழுக்க வந்து அறையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. கெராவ்தான், நீ பார்க்காததா. மன்னிப்புக் கேட்கும்வரை யாரையும் வெளியே விட மாட்டோம், சோல்பே நா, சோல்பே நா, நடக்காது நடக்காது என்று ஒரே கோஷம், போதாக்குறைக்குக் கரண்டும் போயிற்று. அந்த அமளியிலும் 'தீதி'க்கு, அதாவது அக்காவுக்கு, தாகமாக இருக்கும் என்று ஹரிபாத பாபு எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் அனுப்பினார்.

கூட மாட்டிக்கொண்ட அக்கவுண்டண்ட் விஸ்வநாதன் போலீஸைக் கூப்பிடச் சொன்னார். மேனேஜர் போனில் கையை வைத்தவர் எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, மாமி, நான் பேசினதும் ஹரிபாத பாபு முகம் சுண்டிப் போச்சே, நான் என்ன சொல்லிட்டேன் என்று கேட்டார். வெளியே அத்தனை பேர் கத்துகிறார்கள், இவருக்கு அந்த ஒரு முகம்தான் நினைவில் நிற்கிறது. நான் துய்க்கு அர்த்தம் சொன்னேன், கிளம்புகிறவரை நம்மைப் போலவே இவர்களும் 'போ' என்று சொல்ல மாட்டார்கள், 'ஆப்னி ஆஷுன்', அதாவது நீங்கள் வாருங்கள் என்றுதான் சொல்லி அனுப்புவார்கள் என்றும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

விஸ்வநாதன் தடுக்கத் தடுக்கக் கதவைத் திறந்துகொண்டு போய் ஹரிபாத பாபு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தன் பக்கத்து நியாயத்தைப் பேசாமல், எதற்காக லீவு என்றுதான் முதலில் கேட்டார். மனைவிக்கு மறுநாள் ஆபரேஷனாம், அந்த மனிதர் செக்‌ஷனில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவனைப் போ என்று விட்டீர்களே சார் என்று சொல்லி அழுதுவிட்டார். கோஷம் தானாக நின்றுபோயிற்று. மேனேஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டிலும் என் அம்மா அந்த வார்த்தையைச் சொல்ல விட மாட்டாள், மன்னித்துவிடுங்கள் என்றார். பிறகு எழுந்து கைகூப்பி, 'ஆப்னி ஆஷுன், ஹரிபாத பாபு' என்றார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது விஜயா. கத்தியே ஜெயித்த மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன், பயந்து மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருத்தரைப் பார்த்ததே இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மத்தியானத்தில் ஹரிபாத பாபுதான் மேனேஜருக்குப் பெங்காலி வாத்தியார், இவர் தப்பாகப் பேசினால் செக்‌ஷனே சிரிக்கிறது.

நேற்று உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சுந்தரி என்னென்ன பேசினாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறாய். அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதவில்லை. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வாய் காபி கொடுத்து, என்னவென்று கேள். அதற்கப்புறமும் புகார் கொடுக்கத் தோன்றினால் கொடு, அது உன் இஷ்டம்.

லேக் மார்க்கெட் அப்பளம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், நமுத்துப் போகாமல் டப்பாவில் போட்டு வை. மாப்பிள்ளையை அப்பா விசாரித்தார். தீர்க்காயுசாக இருவரும் நன்றாக இருங்கள், நீ மஞ்சள் குங்குமத்தோடு இரு. ஹவுராவில் உன்னை ரயில் ஏற்றும்போது, அழுகையை அடக்கிக்கொண்டு, போயிட்டு வாடி என்றுதான் சொன்னேன். சுந்தரி உன் எதிரிலிருந்து எழுந்து போகும்போது அவளுக்கும் அதையே சொல்லி அனுப்பு.

உன் அம்மா,
பாகீரதி