நான் போட்ட ஒரு சிட்டிகை

நம் பெரியவனின் அம்மாவுக்கு,

தப்பு செய்தவன் நான். பழி விழுந்தது பாட்டில் கழுவும் பெண்மேல். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் கிருமிக்குத் தீனி. உடம்பே அதை அழித்துக் கிருமியைப் பட்டினி போடுமாம். அதைச் சோதிக்கத்தான் எங்கள் ஆய்வகத்தில், கிருமி வளர்க்கும் திரவம் கலக்கும் என்னிடம் அது சேராத திரவம் கேட்டார்கள். பட்டியலில் அதை எழுத மறந்துவிட்டார்கள் என்று நானாகவே ஒரு சிட்டிகை போட்டேன். கிருமி கொழுத்துவிட்டது.

"ஒழுங்கா கழுவ மாட்டியா? நாளைலேருந்து வராதே!" என்று தலைவர், பாட்டிலில்தான் ஏதோ ஒட்டியிருந்தது என்று நினைத்து அந்தப் பெண்ணிடம் கத்தினார்.

"மூணு தடவ கழுவினேன் சார்," என்று அவள் அழுதாள்.

தானே தொழில் கற்றவன் என்று பீற்றிக்கொள்ளும் என் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதை ஏன் சேர்க்கக் கூடாது என்று முன்பே காரணம் சொல்லாதது அவர்கள் தப்பு, அதில் மாற்றமில்லை.

காலையில் நான் தலைவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அவளைத் திரும்ப அழைக்க வேண்டும். பெரியவனுக்கு இது தெரிய வேண்டாம். நீ திட்டியாவது இரண்டு வரி எழுத வேண்டும்.