வாடை இல்லை என்றவருக்கு முன்வரிசை

என் ஒல்லி அண்ணனுக்கு,

"பி.எஸ்சி. முடிச்சதுக்கே வீட்டுல போர்டு மாட்டணும் பாப்பா" என்று கிண்டலடிப்பாய். இப்போது சென்னையில் ஆராய்ச்சி செய்கிறேன். என்ன செய்கிறேன் என்பது அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. உனக்கு விளங்கும். நீ தோலை இழுத்துச் சட்டத்தில் மாட்டிக் காயவைப்பாயே, கிட்டத்தட்ட அதே வேலை. நான் இழுத்து மாட்டும் தோல் கரியால் ஆனது. ஒரே ஓர் அணுவின் தடிமன். தலைமுடியைவிடப் பல மடங்கு குறுகலான பள்ளத்தின்மேல் அதை விறைப்பாக நிறுத்தி, மின்சாரத்தால் அதிரவைக்கிறேன். வாயுவின் துகள்கள் மேலே உட்கார்ந்தால் பாரம் கூடி, அதிர்வின் வேகம் குறையும். கம்ப்யூட்டரில் அது தெரிந்துவிடும்.

எந்த வாயு என்று நீ கேட்கமாட்டாய்.

நீ திரும்பி ஏறிவராத அன்று, மேஸ்திரி தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டி ஓரம் குனிந்து மோந்துவிட்டு, "வாடையே இல்லப்பா, இன்னா பயம்? எறங்கு" என்றாராம். மேலே கயிறு பிடித்திருந்த உன் தோஸ்த் யூசுப் அண்ணன் சொன்னார். அந்த வாயுவின் அழுகின முட்டை நாற்றம் கம்மியாக இருக்கும்வரை மூக்கு எச்சரிக்கும். ஜாஸ்தியானால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றால் வாயு போய்விட்டது என்றுதான் நம் ஊரில் எல்லாரும் நினைத்தோம். இறங்கும்போது உனக்கும் ஒன்றும் தெரியவில்லையா அண்ணா?

அந்தத் தப்பை நான் மன்னித்துவிடுவேன். ஆனால் அவர் போலீஸிடம், "குடிச்சிட்டு எறங்கிட்டான் சார்" என்றார். சர்ச்சில் இராப்போஜனத்துக்குத் தரும் ஒரு வாய் திராட்சை ரசத்துக்கே முகம் சுளிப்பவன் நீ. யூசுப் அண்ணன் பேச்சை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அம்மா சர்ச்சுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

அடுத்த மாதம் ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்காரர்கள் கூட்டம். விஷவாயுவைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேஸ்திரி இப்போது மேனேஜர். விஷயம் தெரிந்து ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தார்.

"பழசெல்லாம் கெளறாத பாப்பா. அவன் எனக்குத் தம்பி மாதிரி."

அம்மா பாக்ஸை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். "இவ கூச்சக்காரி சார். மைக்கப் பாத்தா நடுங்குவா. அதப் பாக்கவாச்சும் முன்னாடி வந்து ஒக்காருங்க."

காற்றை உறிஞ்சி எடுத்த டப்பாவுக்குள்தான் என் கருவி இப்போதைக்கு ஒழுங்காக அதிர்கிறது. தொட்டி ஓரம் கொண்டுபோக வருஷங்கள் ஆகும். அதுவரை அவரைக் காக்கவைக்கப் போவதில்லை.

மன்னிக்கச் சொல்கிறார் போதகர். மன்னிப்பே கேட்காதவருக்கு அதை எப்படிக் கொடுப்பது?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். மூக்கு எப்படி மரத்துப்போகிறது என்று படம் போட்டு விளக்குவேன். பிறகு உன்னை இறக்கிவிட்டவர் பெயரைச் சொல்வேன். உன்னைக் குடிகாரன் என்றவர் பெயரையும் சொல்வேன். இரண்டு தடவையும் ஒரே பெயர்தான் வரும். குரல் நடுங்கட்டும். அவர் எழுந்து போனால், போகிறவரைக் கைகாட்டிச் சொல்வேன்.

இப்படிக்கு,
குடிக்காதவனின் தங்கச்சி