கடைசித் தேய்ப்பு

ஆய்வகத்தில் இன்று ஒரு மாணவி கல் சீவலைக் கண்ணாடியில் ஒட்டப் பிசினைச் சூடாக்கினாள். அந்த வாசனை வந்ததும் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்கு வந்து உனக்கு எழுதுகிறேன். நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் நடுவில், கல்லூரி விடுமுறையில், ஏற்காட்டில் உங்கள் கடைக்குப் பின்கட்டில், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிய வேண்டும் என்று, கண்ணாடியில் ஒட்டி நாம் தேய்த்துக்கொண்டிருந்தது கட்டைவிரல் நகமளவு விண்கல் சீவல். பேராசிரியர் தன்னிடமிருந்த ஒரே துண்டை உன்னை நம்பித் தந்திருந்தார். திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். உள்சூட்டில் வெந்துதான் அது இறுகியது என்பது அவர் கட்சி. நீ ஒப்பவில்லை.

"மாவு மாதிரி தூசி புள்ள, உள்ள கடுகு மாதிரி உருகி ஒறஞ்ச மணிங்க. ஒண்ணோட ஒண்ணு மோதி மோதித்தான் கல்லாச்சு. அடிய வாங்கிக்கிட்டு நசுங்குனது தூசிதான். மணிங்க ஒரே பக்கமாச் சாஞ்சு கெடக்கோணும், பாரேன்."

காட்டினால் ஆய்வைத் தொடரலாம், இல்லையென்றால் தலைப்பை மாற்று என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஓரம் மட்டும் வெளிச்சம் விடும் அளவுக்கு மெலிந்திருந்தது. கல்லூரியிலிருந்து வாங்கி வந்திருந்த நுண்ணோக்கியில் குனிந்த நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். நானும் பார்த்தேன். மணிகள் சாய்ந்துதான் கிடந்தன. நடுப்பகுதியும் மெலிந்தால் போதும், படமெடுத்துவிடலாம்.

உன் அத்தா ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்ப, கடையைப் பார்க்க நீ முன்பக்கம் போனாய். "நான் வர்ற வரைக்கும் தொடாத. இனி நொம்பப் பதமாத் தேய்க்கோணும்" என்றாய்.

எனக்கு ஏது பொறுமை? நீ வரும்போது முடித்து வைத்து அசத்த வேண்டும் என்று ஆசை. கண்ணாடிப் பலகையில் தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தேன். பத்துச் சுற்று, பிறகு பார்வை. இன்னும் பத்து. இரண்டு வருடமாக ஏற்காட்டு மலைக் கருங்கல்லைத் தவிர வேறெதையும் நான் தேய்த்ததில்லை, அதற்குக் கொடுக்கும் அழுத்தத்தையே விரல் இதற்கும் கொடுத்தது. அதுவோ இன்னும் நுண்துளை மிச்சமிருந்த, சீக்கிரம் தேய்ந்துபோகும் கல். திடீரென்று விரலுக்கடியில் நறநறப்பு நின்றுபோனது. எடுத்துப் பார்த்தேன். வெறும் கண்ணாடி. பலகையில் சாம்பல் நிறச் சேறு.

நீ வந்து சேற்றைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். கண்ணாடித் துண்டைத் துடைத்துக் காகிதத்தில் மடித்து வைத்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் மேசைமேல் கண்ணாடித் துண்டை வைத்தோம். "யார் தேய்த்தது?" என்றார். எனக்கு வாய் திறக்க நேரம் இருந்தது. நேரமில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய்.

"நானுங்க சார். கை அழுத்திப்போடுச்சுங்க" என்றாய் நீ.

மணிகள் சாய்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம் என்றும் சொன்னாய். அவர் என் பக்கம் திரும்பினார். பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி எங்கே போகுமோ என்று பயந்து, "சரியாத் தெரியலைங்க சார்" என்றேன்.

பஸ் நிறுத்தத்தில் உன் காலில் விழாத குறையாக அழுதேன். "உடு புள்ள. கல்லு போயிருச்சு. ரெண்டு பேரும் எதுக்கு மாட்டோணும்?" என்றாய். பொங்கலுக்குள் ஆய்வை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தாய். என் ஆய்வேட்டில் கையெழுத்திட்டபோது அவர், "உன்னுடையது பதமான கை" என்று பாராட்டினார். தலையாட்டிக்கொண்டேன்.

நீ சொன்னதைப் பிறகு யார் யாரோ காட்டினார்கள். இப்போது அதைத்தான் பாடமாக நடத்துகிறேன். தூசிதான் அடியை வாங்கியது, அதனால்தான் மணிகள் தப்பின என்று சொல்லும்போது மாணவர்களின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், பலமுறை. நீயும் சிரித்து மழுப்பியிருக்கிறாய். ஆனால் தேய்த்தது நான் என்று சொல்ல வேண்டியிருந்தது பேராசிரியரிடம். அவர் ஓய்வுபெற்று, சேலத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான், சாகும்வரை பதினொரு வருடம் இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.